வீட்டுக்கு முன்னால் பத்தடி

வேளச்சேரியில் வீடுகளைத் தூக்குகிறார்கள். அடித்தளத்தைச் சுற்றிப் பள்ளம் தோண்டி, சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளைச் செருகி, எல்லாவற்றையும் ஒரே சீராகத் திருகித் திருகி, குடியிருக்கும் வீட்டை அப்படியே மூன்றடி நான்கடி மேலே கொண்டுபோகும் வேலை இது. ஹரியானாவிலிருந்து வரும் குழுக்கள் இதில் பேர்போனவை. 2015 டிசம்பர் வெள்ளம் இந்தத் தொழிலுக்குச் சென்னையில் பெரிய தேவையை உண்டாக்கியது. வெள்ளம் மட்டும் காரணமல்ல. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுக்கொண்டு வந்ததில் தெரு வளர்ந்துவிட்டது. வீடு பள்ளத்தில் இறங்கிவிட்டது. வாசற்படி ஏறிப் போக வேண்டிய வீட்டுக்குப் படி இறங்கிப் போகும் நிலை வந்தபோது, சேமிப்பை எடுத்து வீட்டைத் தூக்குவதைத் தவிரப் பலருக்கு வழியில்லை.

வீடு மேலே போன பிறகு, அதற்கு முன்னால் கேட் வரைக்கும் கிடக்கும் இடம் என்ன ஆகிறது? பெரும்பாலும் கட்டட இடிபாட்டைக் கொட்டி நிரப்பி, மேலே பேவர் பிளாக் பதித்து, காரை நிறுத்திவிடுகிறார்கள். ஐந்தடியோ பத்தடியோ, அவ்வளவுதான் இடம். ஆனால் அந்தப் பத்தடியின் கதை ஒருவகையில் சென்னையின் கதை. திண்ணையாக இருந்து, புல்வெளியாகி, காம்பவுண்டாகி, கார் ஷெட்டாகி, கடைசியில் சிமென்ட் தளமாகக் கிடக்கும் அந்த இடத்தை மறுபடி மனிதர் உட்காரவும் மழை இறங்கவும் எப்படித் திருப்புவது என்பதுதான் தென்சென்னை வீட்டுக்காரர்களின் முன்னால் இப்போது நிற்கும் கேள்வி.

வேளச்சேரி நேற்று முளைத்த ஊர் அல்ல. தண்டீஸ்வரர் கோயிலிலும் செல்லியம்மன் கோயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஊரின் பெயர் வெளிச்சேரி. கோயில், ஏரி, வயல், ஏரியின் உபரி நீர் போய்ச் சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு என்று, நீரை நடுவில் வைத்து அமைந்த ஊர் அது. ஆதம்பாக்கம் பக்கமிருந்து வீராங்கல் ஓடை இதன் வழியாகவே சதுப்புக்குப் போகிறது. சதுப்பில் சேரும் நீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்து தெற்கே முட்டுக்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகும். தாழ்ந்த நிலத்தில் வீடு கட்டுகிறவர்கள் தரையை உயர்த்திக் கட்டுவது பழைய வழக்கம். அந்த உயரம் வீட்டுக்கு முன்னால் வெளிப்படும் இடம்தான் திண்ணை.

தொண்டை மண்டலத்துக் கிராம வீடு தெருவைப் பார்த்து மூன்று அடுக்காகத் திறந்திருக்கும். முதலில் வாசல்: மண்தரை, சாணி தெளித்து மெழுகிக் கோலம் போட்ட இடம். அடுத்து நிலைக்கதவின் இரு பக்கமும் திண்ணை. பிறகு ரேழி, தாழ்வாரம், முற்றம். திண்ணை முழங்கால் உயரமோ இடுப்பு உயரமோ இருக்கும். ஒரு ஓரத்தில் தலை வைத்துப் படுப்பதற்குச் சரிவாகத் திண்டு கட்டியிருப்பார்கள். சுவரில் விளக்கு வைக்க மாடக்குழி. மேலே மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுக்கூரை. நாட்டு ஓடு வேய்ந்த காலம் போய், 1865-ல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பிறகு தட்டை ஓடு பரவியது. கூரையின் முகம் மாறியதே தவிர, அதன் கீழே நடந்தது மாறவில்லை.

அங்கே என்னதான் நடக்கவில்லை? காலையில் கணக்குப் பேச்சு, மத்தியானம் பெண்கள் பல்லாங்குழி, சாயங்காலம் பேச்சுக் கச்சேரி, ராத்திரி தாத்தாவின் படுக்கை. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏறும். வழிப்போக்கர் கேட்காமலே படுத்துக்கொள்ளலாம். கார்த்திகைக்கு அகல் வரிசை, பொங்கலுக்கு வாசலில் அடுப்பு. வீட்டின் மிகவும் உழைத்த பகுதி எதுவென்று கேட்டால் அடுக்களைக்கு அடுத்தபடி திண்ணையைத்தான் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடமும் அங்கேதான். ஒரு வாத்தியார், மணல் பரப்பிய தரை, விரலால் எழுதும் பிள்ளைகள், முன்னால் படித்த பையன் பின்னால் வந்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் மாகாணம் முழுவதும் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள் என்ற எண் வருகிறது. அவற்றில் பல திண்ணையிலோ மரத்தடியிலோ நடந்தவை. அதற்கும் முன்பே எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்தின் பொறுப்பாளராக 1789-ல் அமர்ந்த ஆண்ட்ரூ பெல், ஊர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அந்த முறையைத் தம் இல்லத்தில் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். பிரிட்டனில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்ற பள்ளி இருக்கிறது. மணல் பரப்பிய நம் ஊர்த் தரையின் பெயர் இப்படி ஸ்காட்லாந்து வரை போயிருக்கிறது.

இவ்வளவு புகழ் பேசும்போதே சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு. திண்ணை எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. யார் உட்காரலாம், யார் தெருவில் நின்று பேச வேண்டும், யார் அந்தத் தெருவுக்கே வரக்கூடாது என்பதைச் சாதி தீர்மானித்தது. அக்கிரகாரத்துத் திண்ணையில் நடந்த பள்ளி சேரிப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. பழைய திண்ணையை நினைத்து ஏங்குகிறவர்கள் இதை மறைத்துவிட்டு ஏங்கக்கூடாது. இன்று வீட்டு முன்புறத்தைத் திறப்பது என்றால், அன்று யாருக்கு அது மூடியிருந்ததோ அவர்களுக்கும் சேர்த்துத்தான் திறக்க வேண்டும்.

புல்வெளி வேறொரு வழியாக வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கோட்டைக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த கம்பெனி வியாபாரிகளும் அதிகாரிகளும் வெளியே வந்து எழும்பூர், நுங்கம்பாக்கம், அடையாற்றங்கரை எல்லாம் தோட்ட வீடுகள் கட்டினார்கள். கணக்கதிகாரி ஜார்ஜ் மௌப்ரே ஆற்றங்கரையில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட தோட்டத்தின் நடுவே கும்மட்டம் வைத்த மாளிகை எழுப்பினார். ஜேம்ஸ் பிராடி கட்டிய 'பிராடி கோட்டை' 1790-களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. இன்று அங்கே அரசு இசைக் கல்லூரி நடக்கிறது. இந்த வீடுகளில் தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே வண்டி வளைந்து போகும் பாதை, இரு பக்கமும் புல். வாசலில் நின்று தெருவில் போகிறவரை அழைத்துப் பேச முடியாது. அப்படிப் பேசக்கூடாது என்பதற்காகவே அவ்வளவு தூரம்.

இங்கிலாந்திலேயே புல்வெளி பணக்காரர் சமாச்சாரமாகத்தான் இருந்தது. அரிவாளால் ஆட்கள் வரிசையாக வெட்டினால்தான் தரை மட்டமாக நிற்கும். 1830-ல் ஸ்ட்ரௌட் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங், துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிறு வெட்டும் உருளையைப் பார்த்து, அதையே தரைக்கு இறக்கி, புல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு நடுத்தர வர்க்கத்து வீட்டு முன்னாலும் புல் வந்தது. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுந்த லெவிட்டவுன் போன்ற புறநகர்களில் வீட்டு முன் புல்வெளி கிட்டத்தட்டக் கட்டாயமே ஆயிற்று.

மழையும் குளிரும் உள்ள நாட்டில் புல் தானாக வளரும். சென்னையிலோ ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரை, வைகாசியில் புல்தரை ஒன்று நாளைக்குச் சுமார் ஐந்து மில்லிமீட்டர் நீரை வெயிலுக்குக் கொடுத்துவிடுகிறது. நூறு சதுர மீட்டர் புல்லுக்கு அது 500 லிட்டர். ஒரு டேங்கர் லாரித் தண்ணீர், 12,000 லிட்டர், மாதம் முடிவதற்குள் தீர்ந்துபோகும். அன்றைக்கு அந்தத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றவும், குந்தியிருந்து கோரை பிடுங்கவும் கூலியாட்கள் இருந்தார்கள். உழைப்பு மலிவாக இருந்த இடத்தில் புல்வெளி வளர்ந்தது. அந்தப் பசுமையில் உட்காரும் உரிமையும் எல்லாருக்கும் இல்லை. 1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப் நூறாண்டுக்கு மேல் இந்தியரை உறுப்பினராக ஏற்கவில்லை. இந்தியர்கள் 1873-ல் காஸ்மாபாலிட்டன் கிளப்பைத் தாங்களே தொடங்கிக்கொண்டார்கள்.

ஆனால் தோட்ட வீடுகள் இந்தியர் கைக்கு வந்ததும் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். வேடிக்கை பார்க்க மட்டும் வைத்த புல், வேலை செய்யத் தொடங்கியது.

மயிலாப்பூர் லஸ்ஸில் துபாஷி குடும்பத்தின் லஸ் ஹவுஸில் வளர்ந்தவர் புச்சிபாபு நாயுடு. வெள்ளையர் கிளப்பில் இந்திய ஆட்டக்காரர்கள் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்த காலத்தில், 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்து இந்தியருக்குக் கிரிக்கெட் கற்றுக்கொடுத்தார். அவருடைய வீட்டுத் தோட்டமே பயிற்சி மைதானம். அந்த வீட்டில் பிறந்த சி. ராமசாமி 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸிலும் 1936-ல் இங்கிலாந்து சென்று டெஸ்ட் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு ஆடினார். ஒரே மனிதர் இரண்டு விளையாட்டிலும் நாட்டுக்காக ஆடுவது எவ்வளவு அரிது! தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தொடக்கத்தைத் தேடுகிறவர்கள் சேப்பாக்கத்துக்குப் போவதற்கு முன் ஒரு மயிலாப்பூர் வீட்டின் முன்புறத்துக்குப் போக வேண்டும்.

எல்டாம்ஸ் சாலையில் சி.பி. ராமசாமி ஐயரின் 'தி குரோவ்' இன்னொரு உதாரணம். அவருடைய பெயரில் இயங்கும் அறக்கட்டளை அந்த மரங்களுக்கு நடுவே பள்ளியும் கலைக்கூடமும் நடத்துகிறது. கிரீன்வேஸ் சாலையில் வசந்த விஹார் தோட்டத்து மரங்களின் கீழே ஜே. கிருஷ்ணமூர்த்தி பல ஆண்டுகள் பேசினார். அவருடைய கடைசிப் பொதுச் சொற்பொழிவும் 1986 ஜனவரியில் அங்கேதான் நிகழ்ந்தது. 1882-ல் தியாசாபிகல் சொசைட்டி வாங்கிய ஹடில்ஸ்டன் தோட்டம், பெரிய ஆலமரத்தின் நிழலில் எத்தனையோ கூட்டங்களைக் கண்டது. மூன்று இடங்களிலும் மக்களைக் கூட்டியது மர நிழல்தான், புல் அல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். சென்னை வெயிலில் நிழலில்லாத பச்சைத் தரை காலை ஏழு மணிக்கு மேல் யாருக்கும் பயன்படாது.

கதீட்ரல் சாலையின் கதை இன்னும் அழகு. 1835-ல் தொடங்கிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்ட நிலத்தில், 1962-ல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் வந்தது. மரத்தடியில் காரை நிறுத்தினால், ஜன்னலில் தட்டு மாட்டி இட்லி காபி கொண்டுவந்து தருவார்கள். மாணவர்கள், நாடகக்காரர்கள், மருந்து விற்பனைப் பிரதிநிதிகள், கல்யாணப் பேச்சுக்கு வந்த குடும்பங்கள் என்று ஒரு காபியை வைத்துக்கொண்டு அரைநாள் உட்கார்ந்தவர்கள் உண்டு. ஊருக்குப் பொதுவான திண்ணையாகவே அது நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 2008-ல் மூடப்பட்டது. 2010 நவம்பரில் அந்த இடம் செம்மொழிப் பூங்காவாகத் திறந்தது. பூங்கா வந்தது நல்லதுதான். ஆனாலும் அந்த மரத்தடியில் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்த பழக்கத்துக்கு ஈடாக நகரத்தில் இன்னும் ஓர் இடம் கிடைக்கவில்லை.

அதற்குள் நடுத்தர வர்க்கத்து வீடும் மாறிவிட்டது. 1919-ம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டம் பொதுத் தெருக்களை மாநகராட்சிக்கு உரியதாக்கியது. தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த மங்கலான எல்லை ஒரு கோடாகக் கூர்மையடைந்தது. கோட்டுக்கு வெளியே நீட்டியிருந்த திண்ணைக்குச் சட்டத்தின் பார்வையில் ஆக்கிரமிப்பு என்று பெயர். சாக்கடை, விளக்குக் கம்பம், வண்டிப் போக்குவரத்து எல்லாம் அந்தக் கோட்டை உள்ளே தள்ளின. 1920-ல் நகரமைப்புச் சட்டம் வந்தது. மாம்பலம் ஏரியை வற்றடித்து 1920-களில் தியாகராய நகர் உருவானபோது, ஒவ்வொரு மனைக்கும் நாலு பக்கமும் இடம்விட்டு, மதில் எழுப்பி, கேட் வைத்து, நடுவில் வீடு கட்டும் முறை நிலைத்தது. தோட்ட வீட்டின் குட்டிப் பிரதிதான் இது. திண்ணை போர்டிகோவாகச் சுருங்கியது. புல் சில வீடுகளில் வந்தது. பெரும்பாலோர் தென்னையும் மாவும் முருங்கையும் பவழமல்லியும் வைத்தார்கள். தேங்காய் பறிக்கவும் பூ எடுக்கவும் ஆன அந்தத் தோட்டம் புல்வெளியைவிட ஆயிரம் மடங்கு புத்திசாலித்தனம். விடுதலைக்குப் பின் அடையாறில் காந்தி நகர், கஸ்தூர்பா நகர் மனைகளும் இதே அச்சில் அமைந்தவை.

சட்டம் வேறு மாதிரியும் போயிருக்கலாம். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் 1822-ல் வகுத்த நகரத் திட்டம், ஒவ்வொரு கடை வீட்டின் முன்னாலும் கூரை போட்ட நடைவழி தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்று விதித்தது. நம்மவர்கள் சிராங்கூன் சாலையில் பூக்கட்டியதும் மளிகை பரப்பியதும் அந்த ஐந்தடி நடைவழியில்தான். 1888-ல் நகராட்சி அங்கிருந்த பொருள்களை அகற்ற முயன்றபோது கலவரமே மூண்டது. ஆனாலும் நடைவழி பிழைத்தது. இரண்டும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஊர்கள். அங்கே வீட்டு முன்புற நிழலைச் சட்டம் காப்பாற்றியது. இங்கே யாரும் அதைச் சட்டத்தில் எழுதவில்லை.

இனி வேளச்சேரி. வயலும் ஏரியுமாக இருந்த ஊரில் 1980-களிலிருந்து மனைகள் வேகமாகப் பிரிந்தன. ஏரியின் பரப்பு ஒரு காலத்தில் சுமார் 265 ஏக்கர். இன்று மிஞ்சியது சுமார் 55. போன நிலத்தில் ஒரு பகுதியை எடுத்தவை அரசுக் குடியிருப்புத் திட்டங்களே. தனியார் ஆக்கிரமிப்பை மட்டும் குறைசொல்லித் தப்பிக்க முடியாது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. 2007 நவம்பரில் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை நீண்டது. 2013-ல் ஃபீனிக்ஸ் மால் வந்தது. ஒரு கிரவுண்டு அரை கிரவுண்டானது, அரை கிரவுண்டில் மூன்று மாடி ஏறியது. தரைத்தளம் முழுக்கத் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தம். விதிப்படி விட்ட முன்னிடம்கூட மதில் முதல் சுவர் வரை சிமென்ட்டால் மூடப்பட்டது. சேறு வேண்டாம், பாம்பு வேண்டாம், இலை பெருக்க ஆளில்லை என்பவை சொல்லப்படும் காரணங்கள். சதுப்பின் ஓரத்தில் வாழ்பவர்கள் பாம்புக்குப் பயப்படுவதை யாரும் பழிக்க முடியாது. ஆனால் அந்த மூடலின் கணக்கு பெரிது.

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு கிரவுண்டின் மேல் மட்டும் ஆண்டில் மூன்று லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் மீனம்பாக்கத்தில் ஒரே நாளில் சுமார் 34.5 சென்டிமீட்டர், தாம்பரத்தில் 49. மீனம்பாக்கத்துக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் ஒரு கிரவுண்டுக்கு 77,000 லிட்டர், ஒரே நாளில். மண் மூடியிருந்தால் அவ்வளவும் தெருவுக்கு வரும். விஜயநகரிலும் ராம் நகரிலும் ஏ.ஜி.எஸ். காலனியிலும் படகு ஓடியதற்கு மேலிருந்து வந்த ஏரி நீரே பெரிய காரணம். அந்த நீர் வடியாமல் நின்றதில் ஒவ்வொரு வீட்டு முன் தளத்துக்கும் சிறு பங்கு உண்டு. அதே ஊர் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு டேங்கர் லாரிக்காகக் குடத்தோடு நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மறுபடி முழங்காலுக்கு மேல் தண்ணீரைக் கொண்டுவந்தது.

2003-ல் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் இவ்வளவு துணிச்சலான ஆணை அதற்கு முன் வந்ததில்லை என்றே சொல்லலாம். டாக்டர் சேகர் ராகவன் மந்தைவெளியில் நடத்திவரும் மழை இல்லம் வீடு வீடாக இதைச் சொல்லிக்கொடுத்தது. ஆனால் அவசரத்தில் பலர் எல்லா ஊருக்கும் ஒரே குழியைத் தோண்டினார்கள். பெசன்ட் நகர் மணல் சிறு குழியிலேயே குடித்துவிடும். வேளச்சேரியின் களிமண் குடிக்காது. அங்கே களிமண் அடுக்கைத் தாண்டி இறங்கும் உறைகிணறு வேண்டும். மூன்றடி விட்டத்தில் சிமென்ட் உறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக இறக்கி, மாடிக் குழாயை அதில் விட்டு, முதல் மழையின் அழுக்கைத் தனியே திருப்ப வழி செய்து, மேலே கனமான மூடி போட வேண்டும். மூடிக்கு மேல் நாற்காலி போட்டு உட்காரலாம். காரும் ஏறலாம்.

இந்தக் கிணற்றிலிருந்தே வீட்டு முன்புறத்தைத் திருத்த ஆரம்பிக்கலாம். பேவர் பிளாக்கை முழுக்கப் பெயர்க்க வேண்டியதில்லை. கார் சக்கரம் போகும் இரண்டு பட்டைகளை மட்டும் கல்லாக வைத்துக்கொண்டு நடுவில் மண்ணைத் திறந்துவிடலாம். அங்கே அருகம்புல்லே போதும், வெட்ட வேண்டியதில்லை. மேற்கு வெயில் வரும் பக்கம் ஒரு வேம்போ புங்கமோ. மதில் உயரத்தை இடுப்பளவுக்குக் குறைத்தால் தெருவில் போகிறவர் முகம் தெரியும். தூக்கிய வீட்டுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. தரை நான்கடி உயர்ந்த பிறகு படி எப்படியும் கட்டியாக வேண்டும். அந்தப் படியின் இரு பக்கமும் செங்கல் எழுப்பிச் சிவப்பு ஆக்சைடு பூசினால், வெள்ளத்துக்கு மேலே நிற்கும் திண்ணை கிடைத்துவிடும். பழைய ஊர் இதே காரணத்துக்காகத்தான் இதே உயரத்தில் உட்கார்ந்தது.

இது கற்பனை யோசனை என்று நினைப்பவர்கள் புதுச்சேரி வைசியாள் தெருவைப் போய்ப் பார்க்கலாம். கால்வே சுப்புராயச் செட்டி தெரு என்பது அதன் பதிவுப் பெயர். திண்ணைக்கு முன்னால் தெருவோரம் தூண் நிறுத்திச் சாய்ப்புக் கூரை போட்ட தாழ்வாரம் அந்தத் தமிழ்ப் பகுதியின் அடையாளம். வழியில் போகிறவருக்கு நிழல், வீட்டாருக்கு உட்காரும் இடம். காலப்போக்கில் பல இடிந்தும் மறைந்தும் போயிருந்தன. 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட உதவியோடு இன்டாக் அமைப்பும் நகராட்சியும் அந்தத் தெரு முகப்புகளை வீட்டுக்காரர்களோடு சேர்ந்து மீட்டெடுத்தன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது வரிசையில் அந்தத் தெருவுக்கு இடம் கிடைத்தது. ஒரு வீடு மட்டும் திண்ணை வைத்தால் அது அலங்காரம். தெரு முழுக்க வைத்தால் குழந்தை விளையாடுகிறது, கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைக்கிறார். சென்னை மாநகராட்சி மழைநீர் வடிகாலுக்குத் தெருவைத் தோண்டும்போதே, தெருவாசிகளைக் கூட்டி, முன்புற மண்ணைத் திறக்கிறவர்களுக்கு உறைகிணற்றுச் செலவில் பங்கு கொடுத்தால் என்ன? தனித்தனியாக வீட்டைத் தூக்க மக்கள் செலவழிக்கும் லட்சங்களோடு ஒப்பிட்டால் அது சொற்பம்.

வேளச்சேரிக்கு மேட்டில் இருக்கிறது நகரத்தின் மிகப் பெரிய புல்வெளிகளில் ஒன்று. கிண்டி குதிரைப் பந்தய மைதானம். அங்கே பந்தயத்தின் வரலாறு 1777 வரை போகிறது. 1945-ல் 160 ஏக்கருக்கு மேற்பட்ட அரசு நிலம் ரேஸ் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாயும் சில்லறையும். வாடகைப் பாக்கியைப் பற்றிய நீண்ட வழக்குக்குப் பின், 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்துக்குச் சீல் வைத்தது. கிளப் நீதிமன்றத்துக்குப் போனது. வேளச்சேரியில் தேங்கும் வெள்ளத்தைக் குறைக்க இந்த மைதானத்தில் குளம் வெட்டலாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஏற்கெனவே பேச்சு எழுந்திருந்தது. நிலம் கைக்கு வந்த சில வாரங்களில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வேளையில், மாநகராட்சி அங்கே நான்கு குளங்களை வெட்டியது.

மீதி நிலத்தில் பெரிய பூங்கா ஒன்றை அமைக்கப்போவதாக அரசு அறிவித்திருக்கிறது. அதன் வரைபடத்தில் வெட்டி ஒதுக்கிய புல்வெளிக்கு எத்தனை ஏக்கர், மர நிழலுக்கும் உட்காரும் மேடைகளுக்கும் எத்தனை, தண்ணீருக்கு எத்தனை என்று முதலில் கேட்க வேண்டியவர்கள் வேளச்சேரிக்காரர்கள். பந்தய மைதானத்தில் நிற்காத தண்ணீர், அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டு கேட்டுக்கு வந்துவிடுகிறது.